ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் நின்ற கார்

தினேஷ்,

வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்நேரம் நீ மணவறையில் உட்கார்ந்திருப்பாய். வீடு முழுக்க ஆட்கள். சமையலறையை உன் சித்தி எடுத்துக்கொண்டுவிட்டாள். முற்றத்தில் வாடகைக் கதிரைகள் மழை படாமல் மூடிக் கிடக்கின்றன. இந்தச் சந்தடியில் உன்னைத் தனியாக உட்கார வைத்துப் பேச எனக்கு வழியில்லை. வழி கிடைத்தாலும், காரைப் பற்றிய பேச்சை எடுத்தவுடன் நீ எழுந்து போய்விடுகிறாய். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்க விஞ்ஞானம் படிப்பித்தவள் எழுதினால் கொஞ்சம் நீளத்தான் செய்யும். பொறுத்துக்கொண்டு வாசி.

அப்பா போன பிறகு அந்தக் காரை விற்கும்படி எல்லோரும் சொன்னார்கள். நீ மட்டும்தான் "அம்மா ஓட்டட்டும்" என்றாய். ஐம்பது வயதைத் தாண்டியவளைத் திகனப் பக்கம் ஆளில்லாத ரோட்டுக்குக் கூட்டிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினாய். நான் கியர் மாற்றப் பயந்து காலை எடுத்துவிடுவேன், கார் குலுங்கி நிற்கும். ஒரு நாளும் நீ சத்தம் போடவில்லை. "கண்ண ரோட்டுல வைங்கம்மா, காத என்ஜின்ல வைங்க. எதுவும் சரியில்லன்னா அதுவே சொல்லும்" என்பாய். அப்படித்தான் அந்தப் பழைய வண்டியின் ஒவ்வொரு சத்தமும் எனக்குப் பழகியது. பள்ளிக்கூடம், சந்தை, கோயில், பன்விலயில் உன் பெரியம்மா வீடு என்று எங்கேயும் தனியாகப் போய் வந்தேன்.

இந்த வருடம் என் கண்ணில் புரை விழத் தொடங்கியது. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் பூவாகச் சிதறுகிறது. டாக்டர் மெல்ல மெல்ல ஓட்டுவதை விட்டுவிடச் சொன்னார். உனக்கும் கல்யாணம் முடிவாகி, குண்டசாலையில் வீடு எடுக்கும் வேலை இருந்தது. விற்றுவிடலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். அதில் நமக்குள் சண்டை ஏதும் இல்லை. சண்டை எங்கே தொடங்கியது என்று உனக்கும் தெரியும். அந்த ஆல்டர்னேட்டரில்.

என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி விளக்குக்கும் பேட்டரிக்கும் கொடுக்கிற அந்த உருளை, சித்திரை மாதம் செத்துப்போனது. இருபது வருடத்துக்கு மேல் உழைத்த சாமான், அதைக் குறை சொல்ல முடியாது. நீ டவுனில் ஒரு கடையில் பழுது பார்த்துப் புதுப்பித்த ஒன்றை வாங்கிப் பூட்டினாய். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு பின்னேரம் பன்வில ஏற்றத்தில் ஹெட்லைட் மங்கியதைக் கண்டேன். டேஷ்போர்டில் பேட்டரிச் சின்னம் மிக மங்கலாகச் சிவந்திருந்தது, கையால் மறைத்துப் பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ சாப்பிட்டு முடித்து வந்து ஸ்டார்ட் செய்தபோது சின்னம் இல்லை, விளக்கு பளீரென்று எரிந்தது. நீ என்னைப் பார்த்த பார்வையில், கண்ணில் புரை விழுந்தவள் சொல்கிறாள் என்பது இருந்தது. நீ வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் இருந்தது.

அதற்குப் பிறகும் நீ அசட்டையாக இருந்தாய் என்று நான் சொல்ல மாட்டேன். பேட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தாய். பெல்ட்டை இறுக்கினாய். வேலைக்கு அரை நாள் லீவு போட்டுக் கடைக்குக் கொண்டு போனாய், ஒரு முறை அல்ல, பல முறை. ஒவ்வொரு முறையும் வண்டி வரிசையில் நின்று, என்ஜின் ஆறி, அதன் பிறகு கடை முதலாளி மீட்டரை வைத்துப் பார்த்து, "சாமான் நல்ல சாமான் தம்பி, உங்க அம்மாவுக்குத்தான் சந்தேகம்" என்று திருப்பி அனுப்பினார். நீ அலுத்துப்போனாய். அந்த நேரத்தில்தான் கார் விற்பனைக்கு என்று கேள்விப்பட்டுச் செல்வம் போன் எடுத்தார்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க் வேலை செய்கிறவர் செல்வம். அவர் மனைவி மலர். அவர்களுடைய ஆறு வயதுப் பிள்ளைக்கு அடிக்கடி மூச்சு இழுக்கும், இழுத்தால் கண்டிக்குத்தான் கொண்டு வர வேண்டும். ஆட்டோ கிடைக்காமல் ஒரு முறை பிள்ளை நீலம் பாரித்துப்போனதாம். அதனால்தான் பழைய கார் ஒன்று தேடுவதாகப் போனிலேயே சொன்னார். அதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். போனை வைத்துவிட்டு நீ சொன்னாய்: "காலையிலயே வரச் சொல்லுவோம்மா. என்ஜின் ஆறியிருக்கும். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுப் போகட்டும்."

"ஏத்தத்துல லைட்டு மங்குதுன்னு சொல்ல வேணாமா?"

"கடைக்காரரே நல்லா இருக்குன்னு சொல்றாரு. இல்லாத ஒண்ண நான் எப்படிம்மா சொல்றது?"

எனக்கே நிச்சயம் இல்லை. ஆனால் கார் என் பெயரில் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அடுத்த நாள் டவுனுக்குப் போய், சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் வோல்ட் எண்ணைச் சிவப்பாகக் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக் கைப்பையில் போட்டு வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் வந்தார்கள். பிள்ளையைத் தங்கையிடம் விட்டு வந்திருந்தார்கள். செல்வம் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தார். கார் பூனைக்குட்டி போல நடந்துகொண்டது. மலர் பின் சீட்டைத் தடவிப் பார்த்து, "பாப்பாவ இதுல நீட்டிப் படுக்க வைக்கலாங்க" என்று அவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அது விழாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. சாப்பாடு கொடுத்தேன். பேச்சு முடிகிற நேரத்தில், "ஒங்க ஏத்தத்துல ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க செல்வம். நாங்களும் வாறோம்" என்றேன். உன் கண் என் பக்கம் திரும்பியது. அவர்கள் முன்னால் நீ மறுக்க முடியவில்லை.

செல்வம் ஓட்டினார், நான் முன் சீட்டில், நீயும் மலரும் பின்னால். திகன தாண்டியதும் மீட்டரைச் செருகினேன். பதினான்குக்குச் சற்று மேலே காட்டியது, அது நல்ல எண். "என்ன டீச்சர் அது?" என்று செல்வம் கேட்டார். "பேட்டரிக்குக் கரண்ட் போகுதான்னு காட்டும்" என்றேன். தெல்தெனிய வரை எண் அசையவில்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது, பிள்ளையைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று.

மெதமஹநுவர தாண்டி ஏற்றம் தொடங்கியபோது மழை பிடித்தது. வைப்பர் போட்டார், கண்ணாடியில் ஆவி படிந்து மறைத்ததால் காற்று ஊதியைப் போட்டார், மூடுபனி இறங்கியதும் ஹெட்லைட்டையும் போட்டார். எண் பதின்மூன்றுக்கு வந்தது. பிறகு பன்னிரண்டரை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த எண் வந்தால், ஆல்டர்னேட்டர் கைவிட்டுவிட்டது, பேட்டரியில் இருப்பதைத் தின்றுகொண்டு கார் ஓடுகிறது என்று அர்த்தம். எண் இன்னும் இறங்கியதும் நான் வாய்விட்டுச் சொன்னேன், "பன்னண்டு." பின்னாலிருந்து நீ, "அம்மா, அது மலிவு மீட்டர், அத நம்பாதீங்க" என்றாய். வைப்பர் களைத்துப்போய்க் கண்ணாடியில் இழுபட ஆரம்பித்தது. "பதினொன்னர. செல்வம், ஓரமா நிப்பாட்டுங்க."

"எங்க டீச்சர் நிப்பாட்டுறது? இந்தப் பக்கம் மண்ணு, அந்தப் பக்கம் பள்ளம். அந்த முடக்கு தாண்டினா ஒரு கட இருக்கு."

முடக்கு வரைக்கும் கார் தாங்கவில்லை. வளைவின் நடுவிலேயே இரண்டு தரம் தும்மி, என்ஜின் நின்றது. அத்தனை விளக்கும் போய்விட்டது. செல்வம் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து, கைபிரேக்கை இழுத்துப் பிடித்தார். எதிரே எதுவும் தெரியவில்லை, வெள்ளை மட்டும்தான். மழைச் சத்தம். அதற்குள் மேலே எங்கேயோ பஸ் ஹார்ன் கேட்டது. அந்த ரோட்டில் இறங்குகிற பஸ்கள் முடக்கில் எப்படி அகலமாக வெட்டித் திரும்பும் என்று உனக்குத் தெரியும். மலர், "முருகா, எறங்குங்க, எறங்குங்க" என்று கதவைத் தேடினாள். அவள் பக்கம் மண்சுவரோடு ஒட்டியிருந்தது, கதவு திறக்கவில்லை. நான் மீட்டரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், அதில் எண்கூட இல்லை.

பின் கதவு திறந்த சத்தம் கேட்டது. நீ இறங்கிப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவாய் என்றுதான் நினைத்தேன். ஒதுங்கச் சொல்லிக் கத்தவும் வாயெடுத்தேன். நீ ஓடினாய். மேலே, ஹார்ன் வந்த பக்கம், ரோட்டின் நடுவில், போன் வெளிச்சத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடினாய். நாலு எட்டில் பனி உன்னை மூடிவிட்டது. "நவத்தன்ன! நவத்தன்ன!" என்று சிங்களத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்துகிற உன் குரல் மட்டும் கேட்டது. பிறகு பிரேக் கிறீச்சிட்டது. பிறகு குரலும் இல்லை.

தினேஷ், அந்தக் கொஞ்ச நேரத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட நான் அப்படிச் செத்ததில்லை.

பனிக்குள்ளிருந்து முதலில் பஸ்ஸின் மஞ்சள் விளக்குகள் வந்தன, மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில். அதற்கு முன்னால் நீ நடந்து வந்தாய், சேறும் தண்ணீருமாக, ஒரு கையால் பஸ்ஸுக்கு வழி காட்டிக்கொண்டு. பஸ்காரர் சிங்களத்தில் ஏசியபடியே இறங்கி வந்தார். ஏசிக்கொண்டே பின்னாலிருந்தவர்களையும் இறக்கிவிட்டார். எல்லோருமாகத் தள்ளிக் காரைக் கடையோரம் சேர்த்தார்கள்.

கடை வாசலில் கிடந்த பலகை வாங்கில் மலர் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். உன்னைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பி, எங்க புள்ளைய மடியில வச்சிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் மட்டும் இந்த எடத்துல நின்னிருந்தா என்னா ஆயிருக்கும்? இது இப்படி நிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று நீ சொல்லியிருக்கலாம். கடைக்காரர் நல்லா இருக்கு என்றார் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. அந்த நிமிடம் நான்கூட உனக்காக அந்தப் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ தலையை நிமிர்த்தி, "சந்தேகம் இருந்திச்சு அக்கா. காலையில வரச் சொன்னதே அதுக்குத்தான்" என்றாய். செல்வம் எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே போகிற பஸ் வந்ததும் இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். மலர் திரும்பிப் பார்க்கவில்லை.

தெல்தெனியவிலிருந்து ஆள் பேட்டரி கொண்டு வரும் வரைக்கும் நாம் இரண்டு பேரும் அந்த வாங்கில் இருந்தோம். "மீட்டர் கொண்டு வாறத எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று நீ கேட்டாய். "சொன்னா நீ வரவிட்டிருக்க மாட்ட" என்றேன். "அந்த ஆளுங்க முன்னால என்னைய நிக்க வச்சிட்டீங்க" என்றாய். உன் கேள்வி நியாயமானது. முந்தின நாளே மீட்டரை உன் கையில் கொடுத்து, நாம் இரண்டு பேரும் பன்வில ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். உன்னை நம்பி அதைச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. ஊராரின் முன்னால் செய்யத்தான் தைரியம் வந்தது. அதில் செல்வம், மலர் இரண்டு பேரின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கடைக்கு நானும் வந்தேன். முதலாளி வழக்கம் போல ஆறிய என்ஜினில் மீட்டரை வைத்து, "பாருங்க டீச்சர், பதினாலு" என்றார். "சூடாகட்டும் முதலாளி. ஹெட்லைட், ஊதி, வைப்பர் எல்லாத்தையும் போட்டு, பொனட்ட மூடி ஓட விடுங்க. நான் இங்கயே இருக்கேன்" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சிரித்தார், மற்ற வேலையைப் பார்க்கப் போனார். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு நீதான் பொனட்டைத் திறந்து மீட்டரை வைத்தாய். எண் இறங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கூப்பிட்டாய். அவர் வந்து பார்த்து, சிரிப்பை விட்டார். பெல்ட் வழுக்குகிறதா என்று பார்த்தார், இல்லை. என்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற கம்பியைச் சோதித்தார், நன்றாக இருந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஆல்டர்னேட்டரை மெதுவாகத் தட்டினார். எண் துள்ளிப் பதினாலுக்குப் போனது, மறுபடி விழுந்தது. கழற்றித் திறந்தபோது, உள்ளே சுழல்கிற பாகத்தில் பற்றவைத்த ஒரு மெல்லிய கம்பி பாதி விட்டிருந்தது. ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும். சூடேறி விரிந்தால் விலகிவிடும். "நாங்க ஒரு நாளும் சூட்டுல பாக்கலயே" என்று உன்னிடம்தான் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு ஒன்றைப் பூட்டி, நம் கண் முன்னாலேயே சூடாக்கிக் காட்டினார்.

கார் சரியாகிவிட்டது. நாம் சரியாகவில்லை. நீ வேலைக்குப் போய் வந்தாய், சாப்பிட்டாய், படுத்தாய். நீ கட்டப்போகிற தர்ஷினி நம் வீட்டுக்கு வந்தால் மட்டும் சிரித்தாய். அவள் ஒரு நாள் என்னிடம், "ஏன் அத்தை, கார் விக்கிறது என்னாச்சு?" என்று கேட்டபோது, நீ என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. நான் சொல்லிவிடுவேன் என்ற பயம். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் உன்னோடு ஆயுள் முழுக்க இருக்கப்போகிறவளிடம், மலரிடம் சொன்னதைச் சொல்ல நீ ஏன் பயப்பட வேண்டும்? கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் நல்ல பக்கத்தைத்தான் காட்டுகிறோம். உன் அப்பா தன் கோபத்தை எனக்குக் காட்டியது கல்யாணமாகி மூன்றாம் மாதம், நான் காட்டியது அதற்கும் முன்னால். அதனால் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. அடிக்கடி மறைத்து மறைத்து, எதை மறைத்தோம் என்றே மறந்து போகிற வீடுகள்தான் இருண்டு கிடக்கின்றன.

செல்வம் மறுபடி போன் எடுத்தது உனக்குத்தான். பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தால் தாங்களே வாங்குவதாகச் சொன்னாராம். "உண்மையச் சொன்ன ஆள்கிட்டயே வாங்குவோம்னு மலர் சொல்றா" என்று அவர் சொன்னதை, நீ எங்கேயோ பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னாய். அடுத்த ஞாயிறு நீ மட்டும் காரைக் கொண்டு போனாய். பொழுது சாய பஸ்ஸில் திரும்பி வந்து, "குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய்.

போன வாரம் மலர் என்னைக் கூப்பிட்டாள், கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து. விடியற்காலையில் பிள்ளைக்கு மூச்சு இழுத்து, கொட்டுகிற மழையில் காரில் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். நீ வேலையில் இருந்தாய், நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பிள்ளை கட்டிலில் சாய்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள். "லைட்டு ஒரு பொட்டுக்கூட மங்கல டீச்சர்" என்றாள் மலர். பிறகு, "ஒங்க மகன் அன்னைக்கு என்ன செஞ்சாருன்னு சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"வந்தவரு வீட்டுக்குள்ள வரல. சாவியக் கேட்டா, 'இருங்கண்ணே, சூடாகட்டும்'னாரு. நல்ல வெயிலு டீச்சர், ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டு, வைப்பர வெறுங்கண்ணாடியில ஆட விட்டுக்கிட்டு, அந்த முடக்குக்குப் போறதும் வாறதுமா ஓட்டுனாரு. லயத்து வீடுங்கள்ல உள்ளவங்க எல்லாம் வெளிய வந்து சிரிக்கிறாங்க. இவரு போதும் தம்பின்னு சொல்லியும் கேக்கல. பொறவுதான் என்னைய முன்னால ஒக்கார வச்சி, மீட்டரப் பாக்கச் சொல்லிக் குடுத்து, சாவிய எங்கையில குடுத்தாரு. சாப்பிடக் கூப்பிட்டோம். நிக்கல."

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது என்னால் கண்ணைத் துடைக்காமல் இருக்க முடியவில்லை. அன்று நீ வீட்டுக்கு வந்ததும் கேட்க வாயெடுத்தேன். நீ உன் கல்யாணச் சட்டைக்குப் பொத்தான் சரியில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தாய். கேட்கவில்லை.

அந்த மலையில் நான் உன்னை அவமானப்படுத்தினேன் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அங்கே பார்த்தது, பஸ் வருகிற பக்கமாக ஓடிய என் பிள்ளையை. இதை உனக்குச் சொல்லாமல் உன்னை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. இவ்வளவுதான்.

செல்வத்தையும் மலரையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். பிள்ளைக்குப் புதுச் சட்டை தைத்தாகிவிட்டதாம். மேடைக்கு வந்து வாழ்த்தும்போது, இவர்கள் யார் என்று தர்ஷினி உன்னிடம் கேட்பாள். நான் பந்தியில் இருப்பேன், தூரத்தில். பதிலை நீ சொல்.

அம்மா